அவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார்?

இங்கிலீஷில் ஒரே ஒரு சொல் தெரியாமல் போனதால், ஒரு முறை எங்கள் மாடி அறையை ஒரே நேரத்தில் இரண்டு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டேன்.

முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே, மாதா கோவில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. என் கணவர் கடற்கரையில் துவானில், அதாவது சுங்க அலுவலகத்தில், எழுத்தராக இருந்தார். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் பிள்ளைகள் பிறக்கவில்லை. மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. ஆசிரமத்துக்கென்று வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஜனங்கள் வந்துபோகத் தொடங்கியிருந்த காலம். அவர்களுக்குத் தமிழும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. எனக்குக் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு நன்றாக வரும். இங்கிலீஷ், கடைப் பலகைகளில் பார்த்த அளவோடு சரி.

தங்கியிருந்த வங்காளி ஒருவர் மாடிப்படியில் நின்று, "வி மே லீவ் டுமாரோ" என்றார். லீவ் தெரியும், டுமாரோ தெரியும். நடுவில் இருந்த 'மே'தான் இடித்தது. பிரெஞ்சில் 'மே' என்றால் 'ஆனால்'. நாங்கள், ஆனால், நாளைக்குக் கிளம்புகிறோம். ஏதோ வருத்தத்தில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஒரு குஜராத்திக் குடும்பம் அறை கேட்டு வந்தது. சரி என்று விட்டேன். அவர்கள் டிரங்குப் பெட்டிகளோடு மேலே ஏற, வங்காளி மனைவி ஈரத் தலையோடு கதவைத் திறந்தாள். அப்புறம் நடந்த சண்டையைத் தெருவே நின்று பார்த்தது. அவர் சொன்னது 'கிளம்பினாலும் கிளம்புவோம்' என்பதுதான் என்று பிறகு தெரிந்தது.

"உனக்கு எதுக்கு இந்த இங்கிலீஷ்காரங்க சகவாசம்?" என்று என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சண்டைக்குப் பிறகு வந்த ஆள்தான் வாத்தியார். கும்பகோணத்துப் பக்கம், ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார், இழுப்பு நோய், கடல் காற்று வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். என் கணவர் வயதுதான் இருக்கும். கறுப்புக் கோட்டு, நல்ல குடை. பேசும்போது எதிராளியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காதவர். ஒரு மாத வாடகையை முன்னாலேயே கொடுத்துவிட்டு, மாடி ஜன்னலை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

வங்காளிச் சண்டையைப் பற்றித் தெருவில் கேள்விப்பட்டுவிட்டு அவராகவே கேட்டார். "ஒரு 'மே'யால வந்த வினையா இது? சாயந்தரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கம்மா. ரெண்டு மாசத்துல பேச வச்சிடறேன்."

சம்பளம் வேண்டாம் என்றார். அதுவே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். கீழ்க்கூடத்தில், தெருக்கதவைத் திறந்து வைத்துப் பாடம். வடக்கே பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி, வியாபாரம் முடிந்து வெயில் தாழும்வரை எங்கள் வீட்டில் இளைப்பாறுவாள். அவளைத் துணைக்கு உட்கார வைத்துக்கொள்வேன்.

முதல் நாள் பாடம் முடிந்து அவர் மேலே போனதும் அவள் என்னிடம் குனிந்து சொன்னாள்: "ஏம்மா, இழுப்புக்காரன்னு சொன்னியே. ஒரு தபாகூட இழுக்கக் காணோமே?"

"கடல் காத்து பட்டதும் கொறைஞ்சிருக்கும்."

"எங்கூர்ல கடல் காத்துலயே பொறந்து வளந்து இழுத்துக்கினு கெடக்கறவங்க எத்தினி பேரு. இவுரு படி ஏறுற வேகத்தப் பாரு."

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடம் அவ்வளவு நன்றாக இருந்தது.

அவர் எடுத்த எடுப்பில் ஊகச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தார். திறந்த கதவு வழியாகத் தெருவைக் காட்டுவார். எதிர்வாடையில் ஒருவர் குடையும் தோல்பையுமாகப் போவார். "அவரு யாரு? தெரியாது. ஹி மே பி எ டாக்டர். டாக்டரா இருக்கலாம். வீட்டுக்குள்ள கூப்பிட்டுட்டுப் போறாங்க, உள்ள யாரோ அழுவுற சத்தம் கேக்குது. இப்ப? ஹி மஸ்ட் பி எ டாக்டர். டாக்டராத்தான் இருக்கணும். சின்னப் பையன்னா? ஹி கான்ட் பி எ டாக்டர். இருக்கவே முடியாது."

மஸ்ட் என்றால் கட்டாயம் செய்தாக வேண்டியது என்று மட்டும் நினைத்திருந்தேன். ஊகத்துக்கும் அதே சொல்லா என்று ஆச்சரியப்பட்டேன். அவர் சிரித்தார். "தமிழ்ல மட்டும் என்னவாம்? 'நீ போக வேண்டும்' சொல்றோம். 'அவர் ஊருக்குப் போயிருக்க வேண்டும்' சொல்றோம். ரெண்டும் ஒண்ணா?" பிறந்ததிலிருந்து பேசிவந்த சொல்லை அன்றுதான் திருப்பிப் பார்த்தேன்.

அடுத்து, நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் முறை. பிரெஞ்சில் இது தனியாகக் கிடையாது. சாப்பிடுகிறேன் என்பதற்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் அங்கே ஒரே வினைதான். அதனால் நான் பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போகப் பார்த்தபோதெல்லாம் வழுக்கினேன். தமிழ் வழியாகப் போனதும் சுலபமாக வந்துவிட்டது. நாய் தூங்கிக்கொண்டிருக்கிறது. வண்ணான் கழுதையை ஓட்டிக்கொண்டு போகிறான். தெருவில் கண்ட எதையும் விடவில்லை. மீன்காரம்மாளைக்கூட, "ஷி இஸ் சியூயிங்" என்று சொல்லிக் காட்டினேன். "என்னா சொல்றே என்னெ?" என்று வெற்றிலை வாயோடு அவள் முறைத்தாள்.

அந்த நாட்களில்தான் என் கணவர் மீசையை எடுத்தார்.

அழகான மீசை. கல்யாணப் படத்தில் அதுதான் முதலில் தெரியும். ஒரு சனிக்கிழமை சாயந்தரம் வழித்துவிட்டு வந்து நின்றார். "வேக்காடு, புண்ணாயிடுச்சு" என்றார். எனக்குப் புண் எதுவும் தெரியவில்லை. ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பத்தில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குச் சீட்டாடப் போவதாகக் கிளம்புவார். அது முன்பே இருந்த வழக்கம்தான். வாத்தியார் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னாலிருந்தே பின்னால் ஒரு துணி மூட்டையும் சேர்ந்துகொண்டிருந்தது. கேட்டால், "சிநேகிதனோட துணி" என்பார். சிநேகிதனின் துணி எங்கள் வீட்டுக்கு ஏன் வருகிறது என்று கேட்டால் காது கேட்காதவர் மாதிரி மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை காப்பி கொடுக்கும்போது பார்த்தேன். அவர் கண்ணோரத்தில் கறுப்பாக ஒரு கோடு. மை. துடைத்தும் போகாமல் இமையடியில் ஒட்டியிருந்த மை. நான் மை இட்டுக்கொள்வதில்லை.

தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய், அடுப்பு எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்றுவரை தெருவில் போகிறவர்களுக்குப் போட்டுப் பார்த்த சொற்களை அவருக்கே போட்டுப் பார்த்தேன். ஒருத்தி இருக்கலாம். ஒருத்தி இருக்கத்தான் வேண்டும். இருக்கவே முடியாது என்று சொல்லிப் பார்க்க நாக்கு எழவில்லை.

அன்றைக்குப் பாடத்தில் வாத்தியார் புதிதாக ஒன்று சொன்னார். இதே வினையை, இப்போது நடப்பதற்கு மட்டுமல்ல, முன்பே முடிவாகிவிட்ட நாளைய காரியத்துக்கும் சொல்லலாமாம். "நாளைக்கு ரயில்ல போறதுன்னு முடிவாயிடுச்சு, டிக்கட்டும் எடுத்தாச்சு. அப்ப, ஐ ஆம் கோயிங் டுமாரோ. புரியுதா? எங்கே, உங்க வீட்டுக்காரர வச்சு ஒண்ணு சொல்லுங்க."

மனதில் இருந்ததுதான் வாயில் வந்தது. "மை ஹஸ்பண்ட் இஸ் கோயிங் டு அரியாங்குப்பம் ஆன் சண்டே."

"வெரி குட்" என்றார்.

மற்ற நாளாக இருந்தால் என் உச்சரிப்பைத் திருத்தாமல் விடமாட்டார். ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொல்ல வைப்பார். அன்று திருத்தவில்லை. "எதுல போறாரு? அதையும் சேத்துச் சொல்லுங்க. ஹவ் இஸ் ஹி கோயிங்? வாட் இஸ் ஹி கேரியிங்?" என்றார். எப்படிப் போகிறார், எதை எடுத்துக்கொண்டு போகிறார். சைக்கிளில் போகிறார், ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு போகிறார் என்று சொல்லி முடித்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பாடம் சொல்கிறவருக்கு மாணவி சரியாகச் சொன்னால் வருகிற சந்தோஷம் எனக்குத் தெரியும். அந்த முகத்தில் தெரிந்தது அது இல்லை.

அன்று இரவு படுத்தும் அது நினைவில் சுற்றியது. பின்னோக்கி யோசித்தேன். நாய், வண்ணான், கழுதை எல்லாம் எப்போதோ நின்றுபோயிருந்தன. கொஞ்ச நாளாகவே கேள்விகள் எல்லாம் என் கணவரைப் பற்றித்தான். உங்கள் கணவர் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்? யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்? இன்று ஏன் தாமதமாக வருகிறார்? நான் நல்ல மாணவி. ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியமாகப் பதில் சொல்லியிருந்தேன்.

வாத்தியாரைச் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மறுநாள் பாடத்தில் அவர் கேட்கும் முன்பே, "மை ஹஸ்பண்ட் இஸ் கோயிங் டு காலாப்பட்டு டுமாரோ மார்னிங்" என்றேன். துவான் வேலை என்றும் சேர்த்துக்கொண்டேன். முழுப் பொய். என் கணவர் எப்போதும்போல அலுவலகத்துக்குத்தான் போகப்போகிறார். அதற்கும் வெரி குட் கிடைத்தது.

விடிந்ததும் வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். "கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேம்மா." மதியம் தாண்டித்தான் திரும்பினார். கதவருகே செருப்பை விட்டுவிட்டு மேலே போனார். நான் குனிந்து பார்த்தேன். செருப்பின் ஓரமெல்லாம் செம்மண். எங்கள் தெருவிலும் கடற்கரையிலும் செம்மண் கிடையாது. வடக்கே காலாப்பட்டுப் பக்கம் போனால்தான் உண்டு.

மீன்காரம்மாளும் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். "நம்மூருப் பக்கம் எதுக்குப் போனாரு?" என்றாள்.

"தெரியல."

"போலீசாத்தாம்மா இருக்கணும்."

அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே மஸ்ட் வந்துவிட்டது.

இந்த இடத்தில் எவளாக இருந்தாலும் கணவனிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாள். நான் சொல்லவில்லை. வாத்தியார் அவரைக் கண்காணிக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் என்னவென்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. சொன்னால் இருவருமே உஷாராகிவிடுவார்கள். வீட்டில் நான் நம்பி ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் போனது. சோறு பரிமாறும்போது கீழே ஒருவர், மேலே ஒருவர், இருவருக்கும் ஒரே குழம்பு, இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாடத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் வாயிலிருந்து நேரான வாக்கியம் ஒன்றும் வரவில்லை. எங்கே இருக்கிறார்? ஹி மே பி அட் தி ஆபீஸ். யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்? ஹி மைட் பி டாக்கிங் டு தி பிரீஸ்ட். ஞாயிற்றுக்கிழமை? ஹி மே கோ, ஹி மே நாட் கோ.

வாத்தியார் சில நாட்கள் பொறுத்தார். ஒரு நாள் சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"என்னம்மா, எதக் கேட்டாலும் மே, மைட்டுன்னே சொல்றீங்க?"

"தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"வீட்டுக்காரர் எங்க போறாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்வையை எடுக்கவில்லை. மீன்காரம்மாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கடைசியில் அவர்தான் எழுந்துகொண்டார். "நாளைக்குப் பாத்துக்குவோம்" என்று மேலே போனார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து என் கணவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே பீரோவைத் திறந்தேன். என் கல்யாணப் பட்டைக் காணோம். காஞ்சிபுரத்தில் நெய்தது, அரக்கு நிறம், கையகலச் சரிகை. வெளியே சைக்கிள் மணி கேட்டது. "வந்துட்றேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே அவர் தெருவைத் திரும்பினார். பின்னால் மூட்டை.

வாத்தியார் காலையிலேயே வெளியே போயிருந்தார்.

என் புடவையை இன்னொருத்தி உடுத்திக்கொண்டு நிற்பதை நினைக்க நினைக்க உடம்பு சூடேறியது. தலையை வாரக்கூட இல்லை. மூலையில் நின்ற ஜட்கா வண்டியில் ஏறி, "அரியாங்குப்பம்" என்றேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது தூரத்தில் அவர் சைக்கிள் தெரிந்தது. ஊருக்குள் திரும்புவார் என்று பார்த்தேன். திரும்பவில்லை. நேரே தெற்கே போனார். அந்தப் பக்கம் ஒரு ஊர் பிரெஞ்சு, அடுத்த ஊர் இங்கிலீஷ், அதற்கடுத்தது மறுபடி பிரெஞ்சு. எல்லை மாறுகிற இடத்தில் இங்கிலீஷ்காரர்கள் ஒரு சுங்கச் சாவடி போட்டிருந்தார்கள். இங்கிருந்து சீமைச் சரக்கும் பட்டும் சாராயமும் வரி கட்டாமல் அந்தப் பக்கம் போய்விடக் கூடாதென்று மூட்டைகளை அவிழ்த்துப் பார்ப்பார்கள்.

வண்டிக்காரர் குதிரையை இழுத்துப் பிடித்தார். சாவடிக் கொட்டகை முன்னால் அவர் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் அவர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். மேசைக்குப் பின்னால் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்திய, இன்ஸ்பெக்டர், வெயிலில் சிவந்த கழுத்து. அவர் பக்கத்தில், நிழலில், குடையை மடியில் வைத்துக்கொண்டு வாத்தியார்.

என்னைக் கண்டதும் இரண்டு ஆண்களும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மூட்டை மேசைமேல் பாதி அவிழ்ந்திருந்தது. மேலாக என் பட்டுப் புடவை. வாத்தியார் அதைத் தொட்டுக் காட்டி இன்ஸ்பெக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ஹி மஸ்ட் பி ஸெல்லிங் இட், சார். எவ்ரி சண்டே." விற்கத்தான் கொண்டுபோகிறார், ஒவ்வொரு ஞாயிறும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு யார் உதவியும் வேண்டியிருக்கவில்லை. கற்றுக்கொடுத்தவரே சொல்கிறார்.

"நோ" என்றேன். சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "தட் சாரி இஸ் மைன். மை மேரேஜ் சாரி."

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தள்ளிக்கொண்டு பார்த்தார். அப்படியானால் உன் கல்யாணப் புடவையை உன் புருஷன் ஏன் எடுத்துக்கொண்டு போகிறான் என்று கேட்டார். அதைக் கேட்கத்தானே நானும் வந்திருக்கிறேன். என் கணவரைப் பார்த்தேன். அவர் தலை நிமிரவில்லை. ஒரு சேவகன் அதற்குள் மூட்டையை முழுக்க உதறினான்.

பின்னல் போட்ட சவுரி முடி ஒன்று விழுந்தது. கண்ணாடிக் கல் வைத்த அட்டை ஒட்டியாணம். முகத்துக்குப் பூசுகிற வெள்ளைப் பொடி ஒரு தகர டப்பாவில். ஒரு சின்ன மைக்கூடு. கடைசியாக, பஞ்சு அடைத்துத் தைத்த இரண்டு துணி உருண்டைகள். சேவகன் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவசரமாகக் கீழே போட்டான்.

மீசை. மை. புடவை. எனக்குத் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றினது மாதிரி இருந்தது.

"டிராமா" என்றேன். "ஹி இஸ் ஆக்டிங் இன் எ டிராமா. ஹி இஸ்..." பெண் வேஷம் என்பதற்குச் சொல் தெரியவில்லை. என் முந்தானையைப் பிடித்துக் காட்டி, அவரைக் காட்டினேன். "ஹி இஸ் தி குவீன்."

இன்ஸ்பெக்டரின் வாய் ஒரு பக்கம் கோணியது. வாத்தியார் மட்டும் விடவில்லை. தாழ்ந்த குரலில், இது நாங்கள் இருவரும் சேர்ந்து செய்கிற தந்திரமாக இருக்கலாம் என்றார். பாடத்துக்கு வெளியே அவரிடமிருந்து மே வந்தது அதுதான் முதல் தடவை. இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் ஒட்டியாணத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கேன் ஹி சிங்?"

பாட முடியுமா? கோவிலில் கூட்டத்தோடு முணுமுணுப்பதைத் தவிர அவர் பாடி நான் கேட்டதில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாடணுமாங்க. பாடினா விட்டுருவாங்க போல."

"இங்கியா?" என்றார். கண்ணில் நீர் நின்றது. "நீ வேற இருக்கே."

"நான் இருக்கறதுதான் கஷ்டமா?"

அவர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்ணை மூடினார். காட்டில் தனியாக விடப்பட்ட ஒரு ராணி, பிள்ளையைத் தேடி அழுகிற பாட்டு. முதல் அடி கரகரத்தது. இரண்டாவது அடியில் குரல் மேலே ஏறியது, ஏறி அங்கேயே நின்றது. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த யாருடையதும் இல்லை. தோளை லேசாகச் சாய்த்து, கையைத் தலையில் வைத்து, வெயிலில் சட்டையும் வேட்டியுமாக நின்ற அந்த மனிதர் ஒரு பெண்ணாகத் தெரிந்தார். ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு மாட்டு வண்டி நின்றது. சேவகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிள்ளை பிறக்காத வீட்டில் இருந்துகொண்டு இவர் எங்கே போய் இப்படி அழக் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது.

இன்ஸ்பெக்டர் பாட்டு முடியும்வரை காத்திருந்தார். பிறகு புடவையைத் தானே மடிக்கப் பார்த்து, வராமல், என் கையில் கொடுத்தார். வாத்தியார் குடையின் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராணி இல்லாமல்தான் அந்த ஊரில் நாடகம் நடந்திருக்கும். நாங்கள் திரும்பிவிட்டோம். ஜட்காவை அனுப்பிவிட்டேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் பக்கத்தில் நடந்தேன். பாலம் வந்தது.

"எவளோ இருக்கான்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். "என்னெயா? எவளோடயாவதா?"

"மை வேற. பொடவ வேற. நான் என்னான்னு நெனைக்கறது?"

"சொன்னா சிரிப்பேன்னு பயந்தேன். சாமியாருக்குத் தெரிஞ்சா பூசையிலயே பேர் சொல்லித் திட்டுவாரு. ஆபீஸ்ல கேக்கவே வேணாம்."

"என்னெக் காட்டியும் அந்த நாடகக்காரங்கள நம்பினீங்க."

அவர் சைக்கிளைத் தள்ளினார். அப்போதுதான் வாத்தியாரின் பாடங்களைப் பற்றி, கேள்விகளைப் பற்றி, காலாப்பட்டுச் செம்மண்ணைப் பற்றி எல்லாம் சொன்னேன். "இத்தினி நாள் ஏன் சொல்லல?" என்றார். "உங்களையும் சந்தேகப்பட்டேன், அதான்" என்றேன். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று அவர் ரொம்ப நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் சைக்கிளை இருவருக்கும் நடுவில் விட்டுத்தான் நடந்தோம்.

மறுநாள் காலை வாத்தியார் பெட்டியை எடுக்க வந்தார். என் கணவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். வாத்தியார் இறங்கி வரும்வரை நான் கூடத்திலேயே நின்றேன்.

"நீங்க வாத்தியாரே இல்லையா சார்?"

"முன்னால இருந்தேன். அதுல பொய் இல்ல." பெட்டியைக் கீழே வைத்தார். இங்கிலீஷ் சர்க்கார் சுங்கத்துக்கு வேலை செய்கிறார் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லம்மா. நான் பாடம் நடத்தினதுலயே நீங்கதான் சுறுசுறுப்பு."

"பாடமா அது?"

"நான் கேட்டேன். நீங்க சொன்னீங்க. வாக்கியமெல்லாம் சரியாத்தான் இருந்துது." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். நானா உங்க வீடு தேடி வரல. பட்டு போவுது, இந்த ஆளப் பாருன்னு எங்களுக்குச் சொல்லி அனுப்பினாங்க."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரரு ஆபீசுலயே ஒருத்தர். அதுக்கு மேல கேக்காதீங்க."

வண்டி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போனது. அன்று மீன்காரம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போலீஸ் என்று சொன்னது ஏறக்குறையச் சரிதான் என்று அவளுக்கு ஒரே பெருமை. அதைச் சாக்கிட்டு அன்றைக்கு ஒரு வஞ்சிரத் துண்டை அதிக விலைக்கு என் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

சாயந்தரம் என் கணவரிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. அந்த அலுவலகத்தில் அவரோடு நாலைந்து பேர்தான். எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள். அன்றிரவு ஒவ்வொருவராக எடுத்து வைத்துப் பார்த்தார். இவன் பதவிக்கு ஆசைப்படுகிறவன். அவன் ஒரு முறை மூட்டையைப் பற்றி விசாரித்தான். இவர் அப்படிச் செய்யவே மாட்டார், ஆனால் அன்றைக்கு ஏன் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தார்? பல நாட்களுக்கு எங்கள் பேச்சு இதுவாகவே இருந்தது. ஒருவேளை யாருமே சொல்லாமல், போகிற போக்கில் வாத்தியார் எறிந்துவிட்டுப் போன பொய்யாகவும் இருக்கலாம் என்று நான் சொன்னேன். அதை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை.

நாடகத்தை அவர் விடவில்லை. இன்னும் இரண்டு வருஷம்போல ஆடினார், எல்லையைத் தாண்டாமல், பிரெஞ்சு ஊர்களில் மட்டும். புடவையை நானே மடித்துக் கொடுப்பேன். அந்தப் பட்டைக் கொடுக்கவில்லை, வேறு ஒன்று. பிறகு மாடி அறைக்கு வந்தவர்களிடம் நான் தைரியமாக இங்கிலீஷ் பேசினேன். அவர்கள் கேள்வி கேட்டால் மட்டும் முன்போல உடனே பதில் வராது.

அந்த வருஷக் கிறிஸ்துமசுக்கு அலுவலகத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் கேக் கொண்டுவந்திருந்தார், ஒருவர் ஒயின். மரியாதையாகத்தான் உபசரித்தோம். அவர்கள் போனபிறகு என் கணவர் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பெரியவரு மட்டும் ஏன் ஒயினத் தொடவே இல்ல, கவனிச்சியா?"

"வயித்துக்கு ஒத்துக்காதுன்னு சொன்னாரே."

"சொன்னாரு" என்றார் அவர். கேக்கின் மிச்சத்தை நான் மூடி வைத்தேன். மறுநாள் அதை யாரும் தின்னவில்லை.